வெள்ளிக்கிழமைதான் தெரியும்

ஊசி மருந்து பாதி ஏறியிருக்கும்போது பத்மாவதி குளியலறைக் கதவைத் தட்டினாள்.

"ஜெகா! உள்ளுக்கு என்ன செய்யிறாய்? வான் வந்து கீழ நிக்குது. தம்பியையும் காணேல்ல. எங்கை போட்டான்?"

அவளுடைய தம்பி நவரத்தினமும் உள்ளேதான் நின்றார். ஒரு கையால் பெண்சாதியின் சேலையை இடுப்புக்குக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் நல்லெண்ணெய் மாதிரித் தடித்த அந்த மருந்தை மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தார். தகப்பனுக்குக் கொள்ளி வைக்கப் போகிறவர் என்பதால் காலையிலேயே மீசையை வழித்துவிட்டிருந்தார்கள். மீசையில்லாத நவரத்தினத்தை ஜெகதீஸ்வரி இத்தனை வருசத்தில் பார்த்ததில்லை. யாரோ வேற்று ஆளிடம் ஊசி போட்டுக்கொள்வது மாதிரி இருந்தது.

"முழுகிறன் மச்சாள்," என்று சொல்லிவிட்டு எட்டிக் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வாளியில் விழுந்து இரைந்தது. தாலி கட்டின புருசனும் பெண்சாதியும் சொந்த வீட்டில் கள்ளர் மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன சனிக்கு முந்தின சனிக்கிழமைதான் கிளினிக்கில் கருவை உள்ளே வைத்தார்கள். அவளுக்கு வயது நாற்பத்தைந்து. இது மூன்றாம் முறை. முதல் இரண்டும் தங்கவில்லை. பிடித்ததா இல்லையா என்பது வெள்ளிக்கிழமை இரத்தம் சோதித்தால்தான் தெரியும். அதுவரை பாரம் தூக்கக் கூடாது, படி ஏறக் கூடாது, மனதை அலட்டிக்கொள்ளக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டில், வெள்ளவத்தையில், ஒரு தமிழ்ச் சனத்துக்கு மனதை அலட்டிக்கொள்ளாமல் இருக்க வழி என்ன என்று அவள் அவரைக் கேட்கவில்லை. திங்கட்கிழமை மத்தியானம் மாமா செத்துப்போனார்.

மாமா பொன்னம்பலம் பெரிய மனிதர் ஒன்றுமில்லை. தபால் கந்தோரில் ஆயுள் முழுக்க முத்திரை குத்தி ஓய்ந்தவர். சோற்றுக்கு மோர் இல்லாவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். கடைசி இரண்டு வருசமாக அவருடைய கதிரை வாசல் கதவைப் பார்த்தபடியே கிடந்தது. வெளியே லிப்ட் திறக்கிற சத்தம் கேட்டால் போதும், "மயூவோ?" என்பார். பால்காரன் வந்தாலும் மயூவோ, மின்சார பில் கொண்டுவருகிறவன் வந்தாலும் மயூவோ. சாகிற அன்றும் அந்தக் கதிரையில் இருந்தபடியே கேட்டார். மேல் வீட்டுக்காரர்தான் வந்திருந்தார். ஜெகதீஸ்வரி அதைச் சொல்லத் திரும்பினபோது மாமாவின் தலை சரிந்திருந்தது.

மயூரதன் அவளுடைய ஒரே பிள்ளை. இரண்டு வருசத்துக்கு முன்னால், கார்த்திகை மாதம், வகுப்பு முடிந்து வந்தவனைக் காலி வீதியில் வைத்து ஒரு வெள்ளை வான் ஏற்றிக்கொண்டு போனது. அதற்கு மேல் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லவில்லை. மாதம் ஒருக்கால் அவள் பொலிசுக்குப் போவாள். மேசையில் இருக்கிறவன் தலையை நிமிர்த்தாமலே, "புத்தா ஆவாத?" என்பான். மகன் வந்துவிட்டானா என்று, தேடிப் பிடிக்க வேண்டியவனே தாயிடம் கேட்பான்! அவளும் அதே சிங்களத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டு வருவாள்: "தாம நே." இன்னும் இல்லை.

கிளினிக் யோசனை நவரத்தினத்துடையது. "வீடு செத்தவீடு மாதிரிக் கிடக்கு ஜெகா. இன்னும் ஒண்டு இருந்தால்..." என்று ஒருநாள் இழுத்தார். அவள் அன்றைக்கு அவரோடு கதைக்கவில்லை. அடுத்த நாள் தேத்தண்ணீரை முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "சரி, வாறன். ஆனா இது ரெண்டாவது பிள்ளை. முதலாவதுக்குப் பதில் இல்லை. அவன் இல்லையெண்டு உங்கட வாயால ஒரு நாளும் வரக்கூடாது. வந்தால் நான் இதை விட்டிடுவன்." அவர் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை அடிக்க ஆளில்லை.

மாமாவுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஊசி மருந்து பிரிட்ஜுக்குள் வந்த நாளிலிருந்து, அதன் கதவை யாராவது திறந்து வைத்துக்கொண்டு நின்றால் கதிரையில் இருந்தே சத்தம் போடுவார்: "பூட்டு, பூட்டு! உள்ளுக்குச் சாமான் இருக்கு!" அவளைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொல்வார்.

சேலையைச் சரி செய்துகொண்டு அவள் வெளியே வந்தபோது வீடு நிறையச் சனம். சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்துக் கிடந்தது. மரண அறிவித்தல் பக்கம். மாமாவின் படம், கோட்டு போட்டு, எப்போதோ அடையாள அட்டைக்கு எடுத்தது. அவள் நின்றபடியே வாசித்தாள்.

சுன்னாகத்தைப் பிறப்பிடமாகவும் வெள்ளவத்தையை வதிவிடமாகவும் கொண்ட பொன்னம்பலம் காலமானார். அன்னார் காலஞ்சென்ற கனகேஸ்வரியின் அன்புக் கணவரும், பத்மாவதி (கொட்டாஞ்சேனை), நவரத்தினம் (வெள்ளவத்தை), நாகேந்திரம் (கனடா) ஆகியோரின் பாசமிகு தந்தையும், காலஞ்சென்ற மயூரதன், துஷாரா (கனடா), நிரோஜன் (கனடா) ஆகியோரின் அருமைப் பாட்டனாருமாவார்.

அவள் திரும்ப வாசித்தாள். காலஞ்சென்ற மயூரதன். அச்சுப் பிழை என்று சொல்ல முடியாத அளவுக்கு அழகாக அச்சடித்திருந்தார்கள்.

பத்மாவதி அடுப்படியில் பிளாஸ்டிக் கோப்பைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஜெகதீஸ்வரி பேப்பரோடு போய் முன்னால் நின்றாள்.

"என்ன மச்சாள் இது? ஆர் உங்களைக் கேட்டது இப்பிடிப் போடச் சொல்லி? நீங்கள் கண்டனீங்களோ என்ர பிள்ளையின்ர பிரேதத்தை?"

பத்மாவதிக்கு வாய் நீளம்தான். கோயில் கோயிலாக நேர்ந்தும் பிள்ளை கிடைக்காமல், இருந்த புருசனையும் பறிகொடுத்து, வாயை மட்டும் மிச்சம் வைத்திருப்பவள். ஆனால் இந்த முறை அவள் பேப்பரைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"என்னோட கொளுவாதை. பேப்பருக்குப் போன் எடுத்தது நானில்லை. உன்ர மனுசனைக் கேள்."

வானில் பின் சீற்றில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். லிப்டுக்குள் பெட்டி கொள்ளாது என்பதால் மாமாவைப் பொரளையில் பிரேதம் வைக்கிற ஒரு மலர்ச்சாலையில் வைத்திருந்தார்கள். பம்பலப்பிட்டிச் சோதனைச் சாவடியில் வானை மறித்தார்கள். நவரத்தினம் இருவருடைய அடையாள அட்டையையும் எடுத்துக் கொடுத்தார். துவக்கோடு நின்றவன் வழித்த முகத்தையும் அட்டையில் இருந்த மீசையையும் மாறி மாறிப் பார்த்தான். "தாத்தா நெத்தி உனா," அப்பா செத்துவிட்டார் என்று டிரைவர் சொன்னதும் விட்டுவிட்டான். வான் நகர்ந்த பிறகு அவள் பேப்பரை அவருடைய மடியில் வைத்தாள்.

"இதை ஆர் சொன்னது?"

அவர் பேப்பரைப் பார்க்கவே இல்லை. என்ன இருக்கிறதென்று அவருக்குத் தெரியும்.

"அவங்கள் போனில ஒவ்வொரு பேருக்கும் பின்னால ஊர் கேட்டவங்கள் ஜெகா. அக்கா கொட்டாஞ்சேனை. நாகேந்திரம் கனடா. அவன்ர பிள்ளையள் கனடா. பேந்து, 'மயூரதன் எங்கை இருக்கிறார்?' எண்டு கேட்டான். நான் என்னத்தைச் சொல்லுறது? பேசாமல் நிண்டன். கொஞ்சம் பாத்திட்டு அவனாத்தான், 'காலஞ்சென்றவரோ?' எண்டு கேட்டான்."

"நீங்கள் ஓம் எண்டனீங்கள்."

"ஓம் எண்டும் சொல்லேல்ல. இல்லை எண்டும் சொல்லேல்ல."

"வெள்ளவத்தை எண்டு சொல்லியிருக்கலாமே!"

முன் சீற்றில் இருந்த பத்மாவதி திரும்பிப் பார்த்தாள். ஜெகதீஸ்வரி குரலைத் தாழ்த்தவில்லை.

"அவன்ர கட்டில் வெள்ளவத்தையிலதானே கிடக்கு? அவன்ர செருப்பு வெள்ளவத்தையிலதானே கிடக்கு? ஊர் பேர் தெரியாத கனடாவெல்லாம் வாயில வருகுது, உங்கட வீடு இருக்கிற இடம் வாயில வரேல்லையோ?"

"சத்தம் போடாதையும். அலட்டிக்கொள்ளக் கூடாதெண்டு டொக்டர்..."

"டொக்டரை இழுக்காதேங்கோ."

அதற்குப் பிறகு பொரளை வரைக்கும் அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். இந்த மனிதர் தினமும் தன் இடுப்பில் நோகாமல் ஊசி ஏற்றுகிறவர், அதற்காக ஒரு தோடம்பழத்தில் குத்திக் குத்திப் பழகினவர் என்பது ஞாபகம் வந்து கோபத்தை இன்னும் கூட்டியது. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டு ஓய்ந்திருக்கலாம்.

மலர்ச்சாலை மண்டபத்தில் மின்விசிறிகள் வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. மாமா பெட்டிக்குள் வேட்டி சால்வையோடு, நெற்றியில் திருநீறு பூசி, மோர் கிடைத்த நாள் மாதிரி அமைதியாகக் கிடந்தார். குத்துவிளக்கின் சுடர் நிமிர்ந்து நிற்கவே இல்லை. குருக்கள் தர்ப்பையைப் பிரித்துக்கொண்டு, நவரத்தினத்தைச் சம்மணமிட்டு உட்கார வைத்தார். கந்தோரில் படிவம் நிரப்புகிற ஆள் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். பேர், நட்சத்திரம், கோத்திரம். பிறகு, தலையை நிமிர்த்தாமலே, "பெண்சாதி முழுகாமல் இருக்கிறாவோ?" என்றார்.

வயிற்றில் பிள்ளை இருக்கிறதா என்பதை அப்படித்தான் கேட்பார்கள். எல்லாச் செத்தவீட்டிலும் கேட்கிற கேள்விதான். பத்மாவதிக்கு இது போதுமாக இருந்தது. காலையில் இருந்து அடங்கிக் கிடந்த வாய்.

"முழுகாமலோ? ஐயா, காலமையும் அரைமணித்தியாலம் பைப்பைத் திறந்துவிட்டு முழுகினவள்! பேரப்பிள்ளை காணுற வயசில நீங்களும் நல்ல கேள்வி கேக்கிறியள்!"

பெண்கள் பக்கத்தில் சிரிப்பு எழும்பியது. பிரேதம் கிடக்கிற இடம் என்பதால் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். ஆண்களில் இரண்டு மூன்று பேர் தொண்டையைச் செருமினார்கள். நவரத்தினமும் சிரித்தார். மீசை இல்லாததால் அந்தச் சிரிப்பு அப்பட்டமாகத் தெரிந்தது. சிரித்துக்கொண்டே, "அப்பிடி ஒண்டும் இல்லை ஐயா," என்றார்.

தூண் ஓரத்தில் நின்ற ஜெகதீஸ்வரிக்கு ஊசி போட்ட இடம் சுள்ளென்று வலித்தது. இல்லை. டொக்டர் இன்னும் இல்லை என்று சொல்லவில்லை. இரத்தம் இன்னும் இல்லை என்று சொல்லவில்லை. இந்த மனிதருக்கு மட்டும் இல்லை என்ற சொல் எவ்வளவு சுலபமாக வருகிறது! நேற்று ஒரு பிள்ளை, இன்றைக்கு மற்றப் பிள்ளை. ஊர் சிரிக்கும் என்றால் இரண்டையும் தூக்கிக் கொடுத்துவிடுவார்.

அவள் தூணை விட்டு முன்னால் வந்தாள்.

"ஐயா, அவர் சொல்லுறது சரியில்லை."

குருக்கள் தலையை நிமிர்த்தினார். சிரிப்பு அறுந்து விழுந்தது.

"அப்ப இருக்கிறியளோ பிள்ளை?"

"தெரியாது ஐயா."

"தெரியாதெண்டால்?"

"வெள்ளிக்கிழமைதான் தெரியும். போன சனிக்கு முந்தின சனிக்கிழமை டொக்டர் உள்ளுக்கு வைச்சவர். தங்கிச்சோ இல்லையோ எண்டு வெள்ளிக்கிழமை ரத்தம் பாத்துத்தான் சொல்லுவினம்."

நாற்பத்தைந்து வயதில், மாமனாரின் பிரேதத்துக்கு முன்னால், இத்தனை ஆண்களுக்கு நடுவில் தான் சொன்னது என்ன என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. உறைக்கட்டும். இனி உலைமூடியால் ஊர்வாயை மூட வேண்டிய தேவையில்லை. நவரத்தினம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காதுகள் சிவந்திருந்தன.

குருக்கள் தர்ப்பையை விரலில் சுற்றிக்கொண்டே யோசித்தார். இப்படி ஒரு பதிலை அவரும் கேட்டிருக்க மாட்டார்.

"தெரியாதெண்டால், இருக்கெண்டுதான் எடுக்கவேணும்," என்றார். "இல்லையெண்டு எடுத்துச் செய்துபோட்டு, பேந்து இருக்கெண்டால் பிழை."

"அப்ப அவர் கொள்ளி வைக்கக் கூடாதோ ஐயா?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள்.

"ஆர் சொன்னது? மற்றவைக்கெண்டால் வேற. பெத்த தகப்பனுக்கு மகன் செய்யலாம். சங்கற்பத்தில ஒரு சொல்லு கூட வரும். அதுக்குத்தான் கேட்டனான்."

ஒரு சொல். ஜெகதீஸ்வரி புருசனைப் பார்த்தாள். ஓம் என்று சொல்லியிருந்தால் ஒரு சொல் கூடியிருக்கும், அவ்வளவுதான். கொள்ளியும் அவர் கையை விட்டுப் போயிருக்காது, பிள்ளையும் போயிருக்காது. அவர் இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் எதையாவது எடுத்து அந்த வழித்த முகத்தில் எறிய வேண்டும் போல இருந்தது.

கிரியை நடந்தது. குருக்கள் அந்த ஒரு சொல்லைச் சேர்த்துச் சொல்ல, நவரத்தினம் அதைத் திருப்பிச் சொன்னார். உரலில் மஞ்சள் போட்டுச் சுண்ணம் இடித்தார்கள். பிறகு குருக்கள், "பந்தம் பிடிக்கிறதுக்குப் பேரப்பிள்ளையளைக் கூப்பிடுங்கோ," என்றார்.

பேரப்பிள்ளைகள் எண்ணெய்த் துணி சுற்றிய சிறு பந்தத்தைக் கொளுத்திப் பிடித்துக்கொண்டு பாட்டனைச் சுற்றி நிற்க வேண்டும். உதவிக்கு வந்த ஆள் வெறுங்கையைக் காட்டினான்.

"பேப்பரில பாத்தனான் ஐயா. ரெண்டு பேர் கனடா. ஒராள் காலஞ்சென்றவர். அதால பந்தம் கட்டேல்ல."

"ரெண்டு கட்டுங்கோ," என்றாள் ஜெகதீஸ்வரி.

"ஆர் அக்கா பிடிக்கிறது?"

"நான்."

"ரெண்டையுமோ?"

"ரெண்டையும். ஐயா சொன்னவர்தானே, தெரியாதெண்டால் இருக்கெண்டுதான் எடுக்கவேணுமெண்டு."

குருக்கள் உதவியாளைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவன் குச்சியில் துணியைச் சுற்றி எண்ணெயில் தோய்த்தான். விளக்கில் கொளுத்தி ஒன்றை அவளுடைய வலது கையிலும் ஒன்றை இடது கையிலும் கொடுத்தான். மின்விசிறிக் காற்றில் இரண்டும் படுத்துப் படுத்து எழும்பின. அவள் மாமாவின் தலைமாட்டில் போய் நின்றாள்.

பத்மாவதி பக்கத்தில் வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"பிள்ளைத்தாச்சி பிரேதத்துக்குக் கிட்ட இப்பிடி ஒட்டிக்கொண்டு நிக்கிறேல்ல. தள்ளி நில்," என்றாள். பிறகு ஒரு கதிரையை இழுத்து வந்து அவளுடைய முழங்காலில் முட்டுகிற மாதிரி வைத்தாள். "இதில இருந்து பிடி. படியெல்லாம் ஏறினனியோ? விசரி. ஒரு வார்த்தை எனக்குச் சொல்லியிருக்கலாம்." கடைசி வார்த்தை பாதியில் உடைந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய், சிரித்த பெண்களுக்கு நடுவில் நின்றாள். அங்கே யாரும் இப்போது சிரிக்கவில்லை.

பெட்டியை மூடினார்கள். நவரத்தினம் கொள்ளிக்குடத்தைத் தோளில் ஏற்றினார். பந்தங்களுக்குப் பக்கத்தால் போகும்போது அவருடைய நடை கொஞ்சம் நின்றது.

"ஜெகா," என்றார்.

அவள் சுடரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கே பேப்பருக்குச் சொல்லித் திருத்தம் போடுவிக்கிறன். வெள்ளவத்தை எண்டு."

"போங்கோ. மாமா காத்துக்கொண்டிருக்கிறார்," என்றாள். அவருக்காக அந்தக் குரலை அவள் இளக்கவில்லை.

"திரும்பிப் பாராமல் நடவுங்கோ," என்றார் குருக்கள். நவரத்தினம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆண்கள் பெட்டியோடு கனத்தை மயானத்துக்குப் போனார்கள். பெண்கள் வாசல் வரை போய் அழுதுவிட்டு, வான் எங்கே நிற்கிறது என்று விசாரித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கீழே இறங்கினார்கள். வாசலில் பத்மாவதி யாருக்கோ, "அவள் வருவாள், அவசரப்படுத்தாதேங்கோ," என்று சொல்வது கேட்டது.

மண்டபத்தில் பூவும் அரிசியும் சுண்ணப் பொடியும் சிந்திக் கிடந்தன. ஜெகதீஸ்வரி கதிரையில் இருந்தபடி இரண்டு கையையும் முன்னால் நீட்டிப் பிடித்திருந்தாள். எண்ணெய் மணிக்கட்டு வழியாக இறங்கி முழங்கையில் சொட்டியது. சுட்டது. கையை மாற்றவில்லை.

மலர்ச்சாலை வேலையாள், நரைத்த தலையோடு சாரம் கட்டிய ஒரு பெரியவர், விளக்குமாற்றோடு வந்தார். பெட்டி இருந்த மேடையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அடுத்த பிரேதத்துக்கு மண்டபத்தைக் கூட்ட வேண்டும் போலும்.

"நோனா, இவரத?" என்று தயங்கிக் கேட்டார். முடிந்துவிட்டதா என்று.

"தாம நே," என்றாள் ஜெகதீஸ்வரி.

அவர் காற்றில் படுத்துப் படுத்து எழும்புகிற இரண்டு சுடரையும் பார்த்தார். பிறகு விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு, போய் மின்விசிறிகளை நிறுத்தினார்.